அனுப்பியாச்சு, வந்து சேர்ந்ததா?



ஊரை விட்டு வந்து குடியிருக்கும் நம்மைப் போன்றவர்கள் வீட்டில் ஒரு காலத்தில் தந்தி என்ற சொல்லைக் கேட்டாலே கை நடுங்கும். பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் அந்தத் தந்திக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. தந்திச் சேவகர் கையெழுத்து வாங்காமல் வாசலை விட்டு நகரமாட்டார். தந்தி வந்ததா, வரவில்லையா என்று பின்னால் பேச்சு எழுந்தால் அந்தக் கையெழுத்து சாட்சி சொல்லும். 2013 ஜூலையோடு நம் நாட்டில் தந்திச் சேவை முடிந்துபோயிற்று. இன்று நமக்கு வரும் முக்கியமான தகவல்களில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் தானாக எழுதி அனுப்பும் மின்னஞ்சல்தான். அதற்குக் கையெழுத்தும் இல்லை, வாசலில் நிற்கும் சேவகரும் இல்லை. அதனால் ஒரு மனிதரின் வேலையே போக இருந்த கதையை இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். நாகர்கோவிலில் டிப்ளமா முடித்து, 1981-ல் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்து, 39 ஆண்டுகள் வேலை பார்த்து, 2020-ல் திருவனந்தபுரம் கோட்டத்தில் ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருக்க மனம் வராமல், நம் பக்கத்துக் கட்டடக் காண்ட்ராக்டர் ஒருவரின் அலுவலகத்துக்கு வாரம் மூன்று நாள் போய் வருகிறேன். அவர் பெயர் இங்கே வேண்டாம்.

அவருடைய மகன் இன்ஜினியரிங் படித்தவர். எந்த இடத்தில் என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். ‘ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்’ என்கிறார்கள். ஜிரா, ரெட்மைன் என்று பல உண்டு. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் நம்மவர் நிறுவனமான ஸோஹோவும் இப்படி ஒன்றைச் செய்து உலகமெங்கும் தருகிறது. 1990-ல் தொடங்கிய நம் டெக்னோபார்க்கில் வேலை செய்யும் பிள்ளைகளைக் கேட்டால், காலையில் எழுந்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது இந்த மென்பொருள் அனுப்பும் கடிதத்தைத்தான் என்பார்கள். ஒரு வேலையை ஒருவர் பெயரில் எழுதினால் அவருக்குக் கடிதம் போகும். கெடு நெருங்கினால் நினைவூட்டல் போகும். எல்லாம் தானாகவே நடக்கும்.

சுவர் விழுந்தது

2024 ஜூன், பள்ளிக்கூடம் திறந்த வாரம். நகரத்தை ஒட்டிய ஒரு மேட்டு நிலத்தில் எங்கள் காண்ட்ராக்டருக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. மண் சரியாமல் இருக்கக் கருங்கல் தாங்கு சுவர் கட்டியிருந்தோம். அப்படிப்பட்ட சுவரில் தண்ணீர் வடிவதற்குத் துளைகள் விடுவது வழக்கம். அவை அடைபட்டால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, மண்ணோடு சேர்ந்து சுவரைத் தள்ளும். பூச்சு வேலையின்போது பல துளைகள் சிமென்டால் அடைபட்டிருந்தன. மே 25-க்குள் அவற்றைத் திறக்க வேண்டும், மேலே வடிகாலும் வெட்ட வேண்டும் என்று மென்பொருளில் எழுதியிருந்தது. அந்த வேலை நடக்கவில்லை. ஒரு நாள் இரவு கொட்டிய மழையில் பத்தடி நீளச் சுவர் பிளந்து, பக்கத்து வீட்டு அடுக்களைச் சுவரில் போய் மோதியது. அந்த வீட்டு அம்மாள் விளக்கணைத்துவிட்டுப் போய்ப் படுத்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. கடவுள் புண்ணியம், உயிர்ச்சேதம் இல்லை.

மறுநாள் முதலாளி கொதித்தார். அந்த இடத்துச் சூப்பர்வைசர் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர். அந்த மாதம்தான் மனைவியையும் குழந்தையையும் ஊரிலிருந்து கூட்டி வந்து, வாடகை வீடு பிடித்து, குழந்தையைப் பள்ளியில் சேர்த்திருந்தார்.

“சார், சத்தியமா எனக்கு ஒரு தாக்கலும் வரல. வந்திருந்தா விட்டிருப்பேனா?” என்று என்னிடம் கண் கலங்கினார்.

முதலாளியின் மகனோ கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். “அங்கிள், இவர் பேரில் வேலை ஏறியிருக்கு. சிஸ்டம் தானா அனுப்பும். அனுப்பியாச்சு. இவர் பார்க்கல, அவ்வளவுதான்.”

“அண்ணாச்சி, இன்னிக்கே இவன் கணக்கைத் தீர்த்து அனுப்பிடுறேன்” என்றார் முதலாளி.

எனக்கு மனம் ஒப்பவில்லை. “ரெண்டு நாள் பொறுங்க. பழுது எங்கேன்னு பார்த்துட்டு அப்புறம் ஆளை அனுப்பலாம்” என்று கேட்டுக்கொண்டேன். வயதுக்கு மரியாதை கொடுத்து ஒத்துக்கொண்டார்.

ஸ்டேஷன் ஸ்டேஷனாக

சிக்னல் வேலையில் நாங்கள் முதலில் கற்றுக்கொள்வது ஒன்று உண்டு. பழுது என்று வந்தால் நடுவில் பாயக்கூடாது. ஒரு முனையிலிருந்து தொடங்கி, இதுவரை சரி, இதுவரை சரி என்று அடுத்த முனை வரை நடந்து போக வேண்டும். மின்னஞ்சலும் ரயில் பார்சல் போலத்தான். மென்பொருள் கடிதத்தை எழுதுகிறது. அது வரிசையில் காத்திருக்கிறது. அனுப்பும் சர்வர் அதை எடுத்துப் பெறுபவரின் சர்வரிடம் ஒப்படைக்கிறது. அங்கே சோதனை நடக்கிறது. பிறகு இன்பாக்ஸ். கடைசியில் மனிதரின் கண். ஆறு ஸ்டேஷன். ஏதாவது ஒன்றில் நின்றாலும் கடிதம் சேராது.

சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். 1982-ல் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்கர் அதன் விதிகளை எழுதினார். சில திருத்தங்களோடு இன்றும் அதுதான் அடிப்படை. கடிதத்தை ஏற்றுக்கொண்டால் எதிர் சர்வர் 250 என்ற எண்ணைச் சொல்லும். 4-ல் தொடங்கும் எண் என்றால் ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்று பொருள். 5-ல் தொடங்கினால் ‘ஏற்கமாட்டேன்’. இந்தப் பேச்சுவார்த்தை முழுவதும் சர்வரின் பதிவேட்டில் வரி வரியாக எழுதப்படும். இதில் நாம் மறக்கக்கூடாதது ஒன்று: 250 என்பது அடுத்த ஸ்டேஷன் பார்சலை வாங்கிக்கொண்டது என்பதற்கு மட்டுமே சான்று. வீட்டுக்காரர் கையில் கிடைத்தது என்பதற்கு அல்ல.

நான் அந்தப் பதிவேட்டைக் கேட்டேன். முதலாளியின் மகன் அதுவரை அதைத் திறந்து பார்த்ததே இல்லை. இருவரும் உட்கார்ந்து ஏப்ரல் முதல் தேடினோம். மூன்று விஷயங்கள் வெளிவந்தன.

முதலாவது, வேலை ஒப்படைத்த அன்று சூப்பர்வைசருக்குக் கடிதமே எழுதப்படவில்லை. பதிவேட்டில் அந்தத் தேதியில் அவர் முகவரிக்கு ஒரு வரிகூட இல்லை. காரணம் வேடிக்கையானது. சூப்பர்வைசருக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் குறைவு என்பதால் அவருடைய பாஸ்வேர்டை அலுவலகத்திலேயே வைத்திருந்தார்கள். அன்று அவர் கணக்கில் நுழைந்துதான் அந்த வேலையை எழுதியிருந்தார்கள். ‘நானே செய்த மாற்றத்துக்கு எனக்குக் கடிதம் வேண்டாம்’ என்று ஓர் ஏற்பாடு இத்தகைய மென்பொருள்கள் பலவற்றில் உண்டு. மென்பொருளின் கணக்கில் சூப்பர்வைசர் தனக்குத் தானே வேலை எழுதிக்கொண்டார். பிறகு எதற்குக் கடிதம் என்று அது பேசாமல் இருந்துவிட்டது.

இரண்டாவது, கெடுவுக்கு மூன்று நாள் முன்பு போக வேண்டிய நினைவூட்டல். இது தானாகப் போகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் தினமும் இத்தனை மணிக்கு இந்தக் கட்டளையை ஓட்டு என்று சர்வரில் ஒரு டைம் டேபிள் எழுதிவைக்க வேண்டும். ரெட்மைன் போன்றவற்றில் அதை நாம்தான் எழுத வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஏப்ரலில் செலவு குறையும் என்று சர்வரை மாற்றினார்கள். வேலைகளின் விவரம் எல்லாம் பத்திரமாகப் புதிய இடத்துக்கு வந்தது. டைம் டேபிள் மட்டும் பழைய சர்வரிலேயே தங்கிவிட்டது. ஏப்ரலிலிருந்து யாருக்குமே நினைவூட்டல் போகவில்லை. இரண்டு மாதமாக ஒருவருக்கும் அது தெரியவில்லை.

மூன்றாவது, மற்றக் கடிதங்கள். அவை போயின, 250-ம் வாங்கின. ஆனால் என் போனில் தேடினால் எல்லாம் ஸ்பாம் பெட்டியில் கிடந்தன. இன்ன டொமைன் பெயரில் கடிதம் அனுப்ப இன்னின்ன சர்வருக்கு அனுமதி என்று ஊரறிய எழுதிவைக்கும் குறிப்புக்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். பாங்கில் நம் மாதிரிக் கையெழுத்து வைத்திருப்பது போல. கடிதத்தில் முத்திரை இடும் முறைக்கு டி.கே.ஐ.எம். என்று பெயர். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இவற்றைக் கண்டிப்பாகப் பார்க்கின்றன. எல்லோருக்கும் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு இரண்டும் வேண்டும், அதோடு டிமார்க் என்ற அறிவிப்பும் வேண்டும். எங்கள் புதிய சர்வரின் பெயரை அந்தக் குறிப்பில் யாரும் சேர்க்கவில்லை. சரியான ஆளின் கடிதம்தான், ஆனால் கையெழுத்து ஒத்துப்போகவில்லை.

இரண்டாம் நாள் மாலை முதலாளியிடம் விவரமாகச் சொன்னோம். மகன் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் நல்ல பையன். “அப்பா, அனுப்பியாச்சுன்னு நான் சொன்னது தப்பு. அது போகவே இல்ல” என்று அவரே வாய் திறந்து சொன்னார். சூப்பர்வைசர் இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறார். அடுக்களையை முதலாளி தம் செலவில் கட்டிக் கொடுத்தார்.

என் பங்கையும் நான் மறைக்கக்கூடாது. மே மாத நடுவில் நான் அந்த இடத்துக்குப் போயிருந்தேன். துளைகள் அடைபட்டிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். ‘அதுதான் கம்ப்யூட்டரில் எழுதியிருக்கிறதே, சொல்லிவிடும்’ என்று வாய் திறக்காமல் வந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சூப்பர்வைசருக்கும் கண் இருந்தது, எனக்கும் இருந்தது. மென்பொருள் சொல்லும் என்று இருவரும் சும்மா இருந்துவிட்டோம்.

மௌனம் சம்மதமல்ல

பழுதைச் சரிசெய்தது பெரிய காரியமில்லை, அரை நாள் வேலைதான். இரண்டு மாதமாகப் பழுது ஏன் தெரியவில்லை என்பதே என் மனதில் நின்ற கேள்வி.

ரயில்வேயில் டிராக் சர்க்யூட் என்று ஒன்று உண்டு. 1872-ல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்பவர் கண்டுபிடித்தது. தண்டவாளத்தின் ஒரு பகுதியில் ஒரு முனையில் மெல்லிய மின்சாரம் கொடுப்பார்கள். மறுமுனையில் ஒரு ரிலே இருக்கும். மின்சாரம் வந்து சேரும்வரை ரிலே தூக்கி நிற்கும், சிக்னலைப் பச்சையாக்கலாம். வண்டி அந்தப் பகுதியில் ஏறினால் சக்கரமும் அச்சும் மின்சாரத்தைக் குறுக்கே கடத்திவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். இதில் அழகு என்னவென்றால், கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும் ரிலே விழுந்து சிவப்புதான் வரும். அதாவது ‘எல்லாம் நலம்’ என்ற சேதி இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். வராவிட்டால் அபாயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மின்னஞ்சல் அறிவிப்பு இதற்கு நேர் எதிர். அபாயம் வந்தால் மட்டும் பேசும். பேசும் வாயே பழுதாகிவிட்டால்? மௌனம்தான். அந்த மௌனத்தை நாம் ‘ஒன்றும் பிரச்சினை இல்லை’ என்று படிக்கிறோம். நினைவூட்டல் வராத இரண்டு மாதமும் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் நிம்மதியாகவே இருந்தோம்.

ஆகவே நாங்கள் செய்த ஏற்பாடு இது. தினமும் காலை 8 மணிக்கு ஒவ்வொரு சூப்பர்வைசருக்கும் ஒரு கடிதம் வரும். நிலுவை இருந்தால் பட்டியல், இல்லாவிட்டால் ‘இன்று நிலுவை ஏதுமில்லை’ என்று ஒரு வரி. எட்டரைக்குள் வராவிட்டால் அவர் அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். வராத கடிதமே இப்போது சிவப்பு விளக்கு. முதல் நாள் அது மதியம் 1.30-க்கு வந்தது. சர்வரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடியது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. அதையும் திருத்தினோம்.

இன்னொன்றும் ரயில்வேயிலிருந்து எடுத்துக்கொண்டோம். பிளாக் கருவி பழுதாகி, ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனிடம் போனில் லைன் கிளியர் கேட்டால், அவர் ‘சரி’ என்று வெறுமனே சொன்னால் போதாது. தம்மிடமுள்ள பட்டியலிலிருந்து ஒரு பிரைவேட் நம்பர் தர வேண்டும். இருவரும் பதிவேட்டில் எழுத வேண்டும். கேட்டேன், புரிந்தது, பொறுப்பேற்றேன் என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. அதுபோல, உயிருக்கோ கட்டடத்துக்கோ ஆபத்துள்ள வேலை என்றால் கடிதத்தோடு நிறுத்துவதில்லை. பொறுப்பாளர் ‘பார்த்தேன், இன்ன தேதியில் செய்வேன்’ என்று பதில் எழுத வேண்டும். மாலைக்குள் பதில் இல்லாவிட்டால் அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில் கூப்பிட வேண்டும்.

அதே சமயம் எல்லாவற்றுக்கும் கடிதம் போடுவதை நிறுத்தினோம். முன்பு ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது வரும். சிமென்ட் மூட்டை வந்ததற்கும் கடிதம், புகைப்படம் ஏற்றியதற்கும் கடிதம். ‘புலி வருது, புலி வருது’ என்று தினமும் கத்தினால் புலி வந்த அன்று யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

உங்கள் வீட்டுக்கும் பொருந்தும்

சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளையின் பள்ளி அறிவிப்பு, பாங்க் கடிதம், மின் கட்டணம் எல்லாம் மின்னஞ்சலில்தான் வருகின்றன. கமிட்டிக் கூட்ட அறிவிப்பும் அப்படியே. ‘எனக்கு வரவில்லை’ என்பதும் ‘அனுப்பினோமே’ என்பதும் நாம் அடிக்கடி கேட்கும் சண்டை. அதற்குச் சில யோசனைகள்:

1. வர வேண்டிய கடிதம் வரவில்லை என்றால் முதலில் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். அங்கே இருந்தால் ‘ஸ்பாம் அல்ல’ என்று குறித்து, அந்த முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. அங்கேயும் இல்லையென்றால் கொடுத்த முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பழைய ஆபீஸ் முகவரியையே கொடுத்து வைத்திருப்பவர்கள் பலர். பெட்டி நிரம்பியிருந்தாலும் கடிதம் திரும்பிப் போய்விடும்.

3. அறிவிப்பு அனுப்புகிறவர் நீங்கள் என்றால், திரும்பி வரும் கடிதங்களை யாராவது ஒருவர் படிக்க ஏற்பாடு செய்யுங்கள். ‘நோரிப்ளை’ என்ற ஆளில்லாத முகவரிக்கு அவை போய் விழுந்தால் பிழை தெரியவே தெரியாது.

4. பாஸ்வேர்டைப் பகிர வேண்டாம். யார் செய்தார் என்பது மாறினால் யாருக்குக் கடிதம் போகும் என்பதும் மாறும்.

5. சர்வரோ, பாஸ்வேர்டோ, ஆளோ எது மாறினாலும் அன்றே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பி, பெற்றவர் வாயால் ‘வந்தது’ என்று கேளுங்கள். பழுது பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும்.

கடைசியாக ஒன்று. என் மூத்த அக்கா எழுபத்தெட்டு வயதில் ஊரில் தனியாக இருக்கிறாள். ‘உடம்பு முடியலன்னா சொல்லு அக்கா’ என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றும் சொன்னதில்லை, நானும் நலம் என்றே நினைத்திருந்தேன். அந்தச் சுவர் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முடியாத அன்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்? இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு அவள் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறாள். ஒரு மணி அடித்து நிற்கும், காசு செலவில்லை. ஏழேகாலுக்குள் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வேன். சென்ற ஐப்பசியில் ஒரு நாள் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் போய்ப் பார்த்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தாள். ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது கோல் ஊன்றி நடமாடுகிறாள்.

ஊரில் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் விட்டுவிட்டு வந்திருக்கும் நம் அன்பர்கள் இன்றே அவர்களோடு இப்படி ஒரு நேரம் பேசி வைத்துக்கொள்ளுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.